அக்னி மூலைக் கல்

அக்டோபர் 12, புதன்

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. நவம்பர் 24, காலை பத்தரை மணி. சாட்சி குழந்தைவேலு, வரலாற்றுத் துறைப் பேராசிரியர். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது விரல் நடுங்கியது. கொண்டுவந்த ஆள் பார்த்துவிட்டார். “சர்க்கரையா சார்?” என்றார். ஆமாம் என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

முப்பது வருஷமாகக் கள ஆய்வுக் குறிப்பேடு எழுதித்தான் பழக்கம். சொந்தக் கதை எழுதுகிற ஆள் இல்லை நான். ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி தைப் பொங்கலிலிருந்து சும்மா கிடந்தது, இன்றைக்கு எடுத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. சொல்லும்படியான ஆள்தான் இல்லை.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் வலங்குடி சிவன் கோயிலின் நிலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலுக்கு நிலம் விட்டிருக்கிறார்கள். அப்படி விடும் நிலத்தின் நான்கு மூலையிலும் திரிசூலம் வெட்டிய கல்லை நடுவது அந்தக் கால வழக்கம். சூலக்கல் என்போம். கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு எல்லையைச் சொல்லும். கல் கிடைத்துவிட்டால் அந்த எல்லையை இன்றைய தரையில் காலால் நடந்தே காட்டிவிடலாம். நான் நான்கு கல்லையும் கண்டுபிடித்து வரைபடம் போட்டேன். கருத்தரங்கில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இப்போது அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடைமேட்டிலிருக்கும் அறுபத்திரண்டு வீடும் கோயில் நிலத்தில் இருக்கிறது, காலி பண்ணு என்று வழக்கு. போட்டது வலங்குடித் திருப்பணிக் குழு. நான் அவர்கள் பக்கத்துச் சாட்சி.

எழுதியது எழுதியதுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

பரணைச் சுத்தம் பண்ணச் சொல்லிச் சௌந்தரா இரண்டு வாரமாக உயிரை வாங்குகிறாள். கட்டிய மனைவி சொல்லைத் தட்டக் கூடாதுதான். நாளைக்குப் பார்க்கலாம்.

அக்டோபர் 13, வியாழன்

ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். பரண், நாளை.

அக்டோபர் 16, ஞாயிறு

திருப்பணிக் குழுத் தலைவர் காங்கேயன் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் கார், வெள்ளை வேட்டி, தட்டு நிறைய ஆப்பிள். வந்ததும் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். வீட்டுக்குள், லுங்கியோடு உட்கார்ந்திருப்பவனுக்குப் பொன்னாடை! சௌந்தரா சமையலறை வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஈசனோட நெலத்த ஈசனுக்கே மீட்டுக் குடுக்கப் போறீங்க சார். ஒங்க ஏழு தலைமுறைக்கும் புண்ணியம்” என்றார் காங்கேயன்.

நாலுவழிச் சாலை ஓடைமேட்டை ஒட்டி வரப்போகிறது. அங்கே கோயில் பெயரில் கல்யாண மண்டபமும் கடைகளும் கட்டப்போவதாக ஊரே பேசிக்கொள்கிறது. அதைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். “காபி சாப்பிடுறீங்களா?” என்றுதான் வந்தது.

கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார். “அப்ப எழுதுன நோட்டெல்லாம் வச்சிருக்கீங்களா சார்? நம்ம வக்கீல் ஒரு தடவ பாக்கணும்கிறாரு.”

“வீடு மாறினப்போ எங்கேயோ போயிட்டுது” என்றேன்.

கார் போனதும் சௌந்தரா கேட்டாள். “நோட்டெல்லாம் பரண்லதானே இருக்கு? நாலு நோட்டு. நீல அட்டை.”

நான் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பரணில் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அக்டோபர் 20, வியாழன்

இன்று கல்லூரி வாசலில் என்னைத் தேடி மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓடைமேட்டு ஜனம். நடுவில் இருந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இருளாயி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த வெயிலில் எனக்குச் சொம்பு நிறைய மோர் கொடுத்தவர். இப்போது அறுபத்தெட்டு வயது இருக்கும்.

சண்டைக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குக் கோபம் நன்றாக வரும். இவர் எழுந்து கும்பிட்டார்.

“வாத்தியாரய்யா, எங்க சூலக்காரி ஆத்தாள வச்சுத்தான் எங்கள வெளிய போகச் சொல்றாகளாம். நெசமா?”

நான்காவது கல்லை அவர்கள் சூலக்காரி என்று கும்பிடுகிறார்கள். ஊருக்குத் தென்கிழக்கே, அக்னி மூலையில், மஞ்சள் துணி சுற்றி நிற்கிறது. அந்தக் கல் அங்கே நிற்பதால்தான் ஓடைமேடு முழுவதும் கோயில் எல்லைக்குள் விழுகிறது.

“அது கோயில் நிலத்தோட எல்லைக் கல்லும்மா” என்றேன்.

“இருக்கட்டும்யா. ஆனா அவ அங்கன இருந்தவ இல்லையே. ஓடைக்கு அங்கிட்டு இருந்தா. வெள்ளத்துல எங்க சனம் மேட்டுக்கு ஏறி வந்தப்ப அவளையும் தூக்கியாந்துட்டாக. எங்க மாமியா சொல்லும். ஒங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே?”

சொன்னாரா? நினைவில்லை. கோர்ட்டில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தும் வகுப்புக்குப் போகவில்லை. அவர்கள் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

அக்டோபர் 21, வெள்ளி

வாய்மொழிச் செய்தி ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மாணவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பது. மாமியார் சொன்னது, மாமனார் கனவில் வந்தது, இதையெல்லாம் நம்பி வரலாறு எழுத முடியுமா?

கல்வெட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கோயில் நிலத்தின் கிழக்கெல்லை ஓடை என்று சொல்கிறது. ஓடைமேடு ஓடைக்குக் கிழக்கே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அது எல்லைக்கு வெளியே. ஆனால் கல் அதையும் தாண்டிக் கிழக்கே நின்றதே! அதனால் ‘ஓடை தன் போக்கை மாற்றியிருக்கலாம்’ என்று அடிக்குறிப்பு 31-இல் எழுதினேன். மாற்றியிருக்கலாம்தானே? ஓடைகள் மாற்றுவது உண்டு.

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. இரண்டு கடை அலைந்து வாங்கி வந்தேன். பரணைப் பற்றிச் சௌந்தரா கேட்டாள். இடுப்பு வலி என்றேன்.

அக்டோபர் 30, ஞாயிறு

ஓடைமேட்டுக்குப் போய்வந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சௌந்தராவிடம் நூலகம் என்றேன். ஐப்பசி மழை சிணுசிணுத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன்.

யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் அடிக்கவில்லை. ஒரு வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். காலி பண்ணச் சொல்லி வழக்கு நடக்கிற வீட்டுக்கு வெள்ளை!

இருளாயி கல்லருகே கூட்டிப்போனார். “கோர்ட்ல எங்க பேச்ச நம்ப மாட்டாகன்னு எங்க வக்கீலு சொல்றாரு. பெரிய வாத்தியாரு புஸ்தகத்துல எழுதிட்டாராம்ல, ஆதியிலேருந்து அங்கனயேதான் நிக்கிதுன்னு. நாங்க வாயால சொன்னா எடுபடுமா? ஆத்தாளத் தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

“தூக்கினா என்ன தெரியும்?”

“எடம் மாத்தி நட்டா, காலுக்கடியில காசு போட்டுத்தான் நடுவோம். கண்ணாடி வளவி ஒண்ணு, ஒரு பிடி நெல்லு, ஒரு காசு. அது எங்க வழக்கம்.”

எனக்குச் சட்டென்று உறைத்தது. மற்ற மூன்று கல்லுக்கும் கீழே சல்லிக்கல் இடித்துக் கெட்டித்த படுகை இருக்கிறது, நானே தோண்டிப் பார்த்திருக்கிறேன். இங்கே சல்லி இல்லாமல் காசு கிடந்தால் அதோடு முடிந்தது. “பின்னே தூக்கிக் காட்ட வேண்டியதுதானே?” என்றேன். குரல் கொஞ்சம் எரிச்சலாகவே வந்தது.

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மொத கை வைக்கிறவுக வருசம் தாண்ட மாட்டாகய்யா. அதான் யாரும் தொட மாட்டாக. கல்லு நகர்ந்த அன்னைக்கு மொத கை வச்சது எங்க மாமியாவோட அக்கா. அடுத்த ஆடி பாக்கல.”

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மழை வலுத்தது. வேகமாக வந்துவிட்டேன்.

பாதி வழியில் முழுக்க நனைந்த பிறகுதான் தெரிந்தது, குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 31, திங்கள்

காலை ஏழு மணிக்கு வாசலில் அழைப்பு மணி. காங்கேயனின் டிரைவர். கையில் என் குடை.

“ஒங்க கொடை சார். அண்ணே குடுத்துட்டு வரச் சொன்னாரு” என்றான்.

குடை மடித்து, உலர்ந்து, நாடாவெல்லாம் கட்டி இருந்தது. நேற்று நான் ஓடைமேட்டில் இருந்தது அவருக்குத் தெரியும். எங்கே குடையை விட்டேன் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது.

“நூலகத்துல இருந்து அவருக்கு எப்படிக் கிடைச்சுது?” என்று கேட்டாள் சௌந்தரா. நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

நவம்பர் 3, வியாழன்

தெருமுனையில் வெள்ளைக் கார். கல்லூரி வாசலிலும் வெள்ளைக் கார். இந்த ஊரில் வெள்ளைக் கார் நூறு இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

காங்கேயன் போன் செய்தார். மழையைப் பற்றிப் பேசினார், என் ரத்தக் கொதிப்பை விசாரித்தார். அவருக்கு யார் சொன்னது? கடைசியில், “கல்லு பேசாது சார். நீங்க பேசுனாத்தான் உண்டு. எழுதுனத அப்படியே படிச்சுட்டு எறங்கிருங்க, போதும். வயசான காலத்துல எதுக்கு வம்பு?” என்று சிரித்தார்.

நவம்பர் 6, ஞாயிறு

பரணில் ஏறினேன். சௌந்தராவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நீல நோட்டு நான்கும் கிடைத்தன. மூன்றைத் திறந்து பார்த்தேன். நான்காவதைத் திறக்காமல் திரும்ப வைத்துவிட்டு இறங்கினேன். “சுத்தம் பண்ணலையா?” என்றாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நவம்பர் 11, வெள்ளி

திறந்தேன்.

இனி இந்த டைரியிலும் பொய் எழுதி என்ன பிரயோசனம்? நான்காவது நோட்டில் என்ன இருக்கும் என்று எனக்குச் சம்மன் வந்த அன்றைக்கே தெரியும். அதற்குத்தான் பரண் பக்கமே போகாமல் இருந்தேன்.

என் கையெழுத்துதான். ‘கல் 4. சூலம் வெளிப்புறம் பார்க்கிறது. மற்ற மூன்றும் கோயிலைப் பார்த்து உட்புறம். ஏன்? இடம் மாறியதோ? ஊர்ப் பெண்மணி ஒருவர் அப்படித்தான் சொல்கிறார். அடிப்படுகையைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.’ கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அந்தக் குறிப்பை எழுதியது ஒரு வெள்ளிக்கிழமை. திங்களன்று கருத்தரங்கம். அடிப்படுகையைப் பார்க்க வேண்டுமென்றால் சாமி கல்லைத் தோண்டுவதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். அது ஒரு மாதமாவது ஆகும். மூன்று மூலை மட்டும் கிடைத்த வரைபடத்துக்கு யார் கைதட்டுவார்கள்? நான்காவதும் வேண்டியிருந்தது. ‘நான்கு கற்களும் நட்ட இடத்திலேயே உள்ளன’ என்று எழுதினேன். சூலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாதபடி புகைப்படத்தையும் நெருக்கமாக வெட்டிப் போட்டேன்.

இருளாயி சொன்னார். மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார். நான் எழுதியும் வைத்திருக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. காங்கேயனைப் பார்த்து மட்டும் இல்லை.

நவம்பர் 15, செவ்வாய்

சௌந்தராவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்கும் வரை கை நிற்கவே இல்லை. கேட்டு முடித்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“அறுபத்திரண்டு வீடு! கைப்பிள்ளையோட எத்தனை பேர் இருப்பா? கைதட்டு வாங்கறதுக்கா இதைப் பண்ணினேள்? நீங்களா?”

திட்டினாள், பிறகு அழுதாள். அப்புறம் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கும் பயம். குடை வந்த அன்றிலிருந்தே பயமாம். என்னிடம் சொல்லவில்லை.

“கோர்ட்ல போய் நான் பொய் எழுதினேன்னு எப்படிடீ சொல்றது? நாக்கு எழாது. அங்கேயே மயங்கி விழுந்துடுவேன். எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

“பயமா இருந்தா பயந்துண்டே சொல்லுங்கோ. யார் வேண்டாங்கறா?” என்றாள்.

நவம்பர் 23, புதன்

நாளைக்குக் கோர்ட். காங்கேயனின் வக்கீல் வந்து என்ன கேட்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அவர் போனதும் நான்காவது நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு பக்கம்தான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டால் உலகத்தில் வேறு சாட்சி இல்லை. இருளாயி சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள்?

பக்கத்தைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். சௌந்தரா செம்பை எடுக்க வந்தாள். என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். “தண்ணி சுட்டுடுத்து, குளியுங்கோ” என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

கூண்டில் ஏறும்போது கால் இடறியது. பெயர் கேட்டார்கள், சொன்னேன். வயது கேட்டார்கள், மறந்துபோயிற்று! எதிரே வராந்தாவில் ஓடைமேட்டு ஜனம் நின்றது. முன் பெஞ்சில் காங்கேயன்.

“நான்காவது கல் நட்ட இடத்திலேயே இருக்கிறது என்று எழுதியது நீங்கள்தானே?” என்றார் குழுவின் வக்கீல்.

“நான்தான்.”

“அது சரிதானே?”

“இல்லை. எனக்குத் தெரியாது. அடியில் தோண்டிப் பார்க்கவில்லை. சந்தேகம் வந்தது, அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் அதை மறைத்துவிட்டேன்.”

நோட்டை நீட்டினேன். கை ஆடிய ஆட்டத்தில் அது கீழே விழுந்தது, சிப்பந்தி எடுத்துக் கொடுத்தார். வக்கீல் எகிறினார். சாட்சியை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார். நீதிபதி ஒரு பெண்மணி. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

“ஏழு வருஷமாக ஏன் சொல்லவில்லை?”

“பயமாக இருந்தது அம்மா.”

“இப்போது?”

“இப்போதும்தான்.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கோர்ட் கமிஷனர் ஒருவர் நேரில் போய்க் கல்லைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்த்து அறிக்கை தர வேண்டும், நானும் உடனிருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். டிசம்பர் 9.

வெளியே வந்ததும் கோர்ட் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

நவம்பர் 26, சனி

காங்கேயன் காரில் இருந்தபடியே கண்ணாடியை இறக்கினார். “பொன்னாடைய திருப்பிக் குடுத்துருங்க சார். வேற ஆளுக்குப் போடணும்” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். “ரோட்டப் பாத்து நடங்க” என்றார். கார் போய்விட்டது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிப் போட்டேன். கல்லூரியில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

டிசம்பர் 4, ஞாயிறு

இருளாயி போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கத்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னார், இரண்டு ஆட்டையும் மருமகளுக்குக் கொடுத்துவிட்டாராம். மூக்குத்தியைப் பேத்திக்குக் கழற்றிக் கொடுத்தாராம்.

“எதுக்கும்மா இப்போ அதெல்லாம்?”

“மொத கை நாந்தானய்யா. ஊர்ல பேசி முடிச்சாச்சு. தாலி அறுத்தவ, வயசு கூடுனவ, நாந்தான இருக்கேன். அறுபத்திரண்டு வீட்டுக்கு ஒரு உசுரு போனா என்ன?”

வெங்காயம் கிலோ என்ன விலை என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு இருக்கிறது. நம்பிக்கொண்டேதான் கை வைக்கப்போகிறார். நான் அன்றைக்கு ஒரு வரி ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த மனுஷி இன்றைக்கு மூக்குத்தியைக் கழற்ற வேண்டியதில்லை.

டிசம்பர் 9, வெள்ளி

மழை இல்லை. கமிஷனராக வந்தது சின்ன வயது வக்கீல் பெண். வீடியோ எடுக்க ஓர் ஆள். இரண்டு போலீஸ். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு காங்கேயன். ஓடைமேடு முழுக்க வந்திருந்தது, ஆனால் சத்தமே இல்லை. கைக்குழந்தைகளைக்கூட எப்படியோ அமர்த்தி வைத்திருந்தார்கள்.

கல்லைச் சுற்றி மண்ணை எடுத்தார்கள், கல்லைத் தொடாமல். இருளாயி ஊரணியில் முழுகிவிட்டு ஈரச் சேலையோடு வந்தார். நெற்றி நிறைய மஞ்சள். அவர் மருமகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருளாயி கல்லைக் கும்பிட்டார். கும்பிட்ட கை நடுங்கியதை நான் பார்த்தேன். போனில் வெங்காய விலை சொன்ன மாதிரி பேசிய மனுஷிக்கு அவ்வளவு பயம்.

“ஒரு நிமிஷம், உயரத்தை அளக்கணும்” என்று டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். மண்டியிட்டேன். டேப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கல்லின் மேல் வைத்தேன்.

துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்துவிட்டது. கல் குளிர்ச்சியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்கு ஏன் இப்படி வியர்க்க வேண்டும்?

“அய்யய்யோ! எடுங்கய்யா கைய! எடுங்க!” என்று இருளாயி என் தோளில் அடித்தார். பளார் பளாரென்று முதுகிலும் அடித்தார். “யார் ஒங்களக் கேட்டா? பொண்டாட்டி இல்லையா ஒங்களுக்கு? பாவி மனுசா!” அடித்துக்கொண்டே அழுதார். நான் கையை எடுக்கவில்லை. எடுக்கத் தெம்பும் இல்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஆறு ஆண்கள் சேர்ந்து தூக்கினார்கள். அடியில் சல்லிப் படுகை இல்லை. வெறும் களிமண். கையால் கிளறினேன். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று. மக்கிப்போன உமி. அப்புறம் ஒரு காசு.

வேட்டியில் துடைத்தேன். நடுவில் வட்ட ஓட்டை. ஓட்டைக் காலணா. ஆண்டு 1944.

“ஆண்டைச் சத்தமாகப் படியுங்கள் சார்” என்றார் கமிஷனர்.

படித்தேன். என் வரைபடத்தில் எண்ணூறு வருஷமாக அங்கே நின்ற கல், நாற்பத்து நாலாம் வருஷத்துக் காசின் மேல் நின்றிருக்கிறது. காங்கேயன் குடையை மடக்கிக்கொண்டு காருக்குப் போனார். ஜனம் குலவையிட்டது. இருளாயி மட்டும் சேரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 10, சனி

சௌந்தராவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது, முதுகில் கை அச்சு இருந்ததே. முதல் கை என்றால் என்ன என்பதையும் சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டாள். “அதெல்லாம் மூட நம்பிக்கைன்னு நீங்கதானே கிளாஸ் எடுப்பேள்?” என்றாள். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

டிசம்பர் 19, திங்கள்

காலை ஆறு மணிக்கு இருளாயி போன். “இருக்கீகளா?”

“இருக்கேன்.”

“சரி” என்று வைத்துவிட்டார். சென்ற திங்களும் இதேதான்.

நடைப்பயிற்சிக்குப் போகலாம் என்று கிளம்பினேன். தெருமுனையில் ஏதோ வெள்ளைக் கார். திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 28, புதன்

கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. என் வரைபடத்தைச் சான்றாக ஏற்க முடியாது. வழக்கு முடியும் வரை ஓடைமேட்டில் ஒரு வீட்டையும் தொடக் கூடாது. ஓடைமேட்டு ஜனத்தின் வக்கீல், இனி வழக்கில் சத்து இல்லை என்கிறார். கல்லை இருந்த இடத்திலேயே திரும்ப நட்டுவிட்டார்களாம், புதுக் காசு போட்டு.

எனக்குக் கல்லூரியிலிருந்தும் உத்தரவு வந்திருக்கிறது. ஜனவரியிலிருந்து விசாரணை முடியும் வரை வர வேண்டாமாம். நியாயம்தான்.

டிசம்பர் 31, சனி

ஜவுளிக்கடையில் புது டைரி கொடுத்தார்கள். சௌந்தராதான் போய் வாங்கி வந்து மேஜையில் வைத்திருந்தாள்.

எழுதுவதா வேண்டாமா என்று சும்மா புரட்டினேன். எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது. கை தானாக அடுத்த டிசம்பருக்குப் போனது. வருஷம் தாண்டுகிற நாளைப் பார்க்கத்தான், வேறென்ன! ஒன்பதாம் தேதிப் பக்கம் காலி. அதைத் திருப்பினேன்.

பத்தாம் தேதியில் சௌந்தராவின் கையெழுத்து.

‘பரண் சுத்தம் பண்ண வேண்டும். அவர்தான். சாக்குப்போக்கு கூடாது.’

அவளும் நாளை எண்ணிப் பார்த்திருக்கிறாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து அதன் கீழே ‘சரி’ என்று எழுதினேன்.